காளானுக்கு அரை மணி வெயில்: வைட்டமின் 'டி' பெருக்க எளிய வழி

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம் வட்டாரங்களில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மழை பொய்த்த ஆண்டுகள் உண்டு. வெயில் பொய்த்த ஆண்டு கிடையாது. ஆயினும் உடலில் வெயில் படாமல் நாளைக் கழிப்போர் இவ்வட்டாரத்தில் ஏராளம். காலை எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, ஒன்றரை ஷிப்டு வேலை பார்த்து, இரவு எட்டரை மணிக்கு வெளியே வரும் டெய்லரும், செக்கிங் பெண்களும், கைமடி வேலை செய்யும் இளைஞர்களும் பகல் முழுவதும் குழல் விளக்கின் கீழேயே இருக்கின்றனர். நூற்பாலைகளில் இரவு ஷிப்டு பார்ப்போர் பகலில் அறைக்குள் உறங்குகின்றனர். வெயிலினால் உடலுக்குக் கிடைக்க வேண்டிய வைட்டமின் 'டி' இவர்களுக்குப் போதிய அளவு கிடைப்பது அரிது.

இதே வட்டாரத்தில் சிப்பிக் காளானும் பால் காளானும் குடில்களில் வளர்க்கப்பட்டு அன்றாடம் விற்பனைக்கு வருகின்றன. இக்காளான்களும் நிழலிலேயே வளர்ந்து, நிழலிலேயே பறிக்கப்பட்டு, பாலிதீன் பையில் அடைபட்டுக் கடைக்கு வருகின்றன. எனவே அவற்றிலும் வைட்டமின் 'டி' மிகக் குறைவு. ஆனால் அந்த வைட்டமினை உண்டாக்குவதற்கான மூலப்பொருள் காளானில் நிறைய உள்ளது. சமைக்கும் முன் அதனை உச்சி வெயிலில் அரை மணி நேரம் காட்டினால் போதும். செலவில்லாத இந்த முறையையும், அதில் கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

வைட்டமின் 'டி' எதற்கு?

நாம் உண்ணும் உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சி எலும்பில் சேர்ப்பதற்கு வைட்டமின் 'டி' இன்றியமையாதது. கொங்கு நாட்டு உணவில் சுண்ணாம்புச் சத்துக்குக் குறைவில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. பால், மோர், முருங்கைக் கீரை ஆகியவற்றிலும் இது உண்டு. ஆனால் வைட்டமின் 'டி' இல்லாவிடில் இதில் பெரும்பகுதி உடலில் சேராமல் வீணாகிவிடும். விதைத்த நிலத்தில் ஈரம் இல்லாதது போன்ற நிலை இது.

இக்குறை நீடித்தால் குழந்தைகளுக்குக் கால் வளையும் ரிக்கெட்ஸ் நோயும், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகும் நோயும் வரக்கூடும். இடுப்பிலும் தொடையிலும் விடாத வலி, படி ஏறச் சிரமம், தரையில் உட்கார்ந்து எழத் தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம். கருவுற்ற தாய்மாருக்கு இச்சத்து குறைந்தால் பிறக்கும் குழந்தைக்கும் குறையும்.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோ கிராம், அதாவது 600 சர்வதேச அலகு வைட்டமின் 'டி' தேவை என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. ஒரு மைக்ரோ கிராம் என்பது 40 அலகுகளுக்குச் சமம். இந்த அளவை உணவின் வாயிலாக மட்டும் பெறுவது நம்மவர்க்கு எளிதன்று. கொழுப்பு மிக்க கடல் மீன், மீன் எண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் இது உண்டு. அரிசி, பருப்பு, காய்கறி, கீரை ஆகியவற்றில் இல்லை என்றே சொல்லலாம். சைவ உணவு உண்போருக்கு, வெயில் பட்ட காளான் ஒன்றே இயற்கையாக இச்சத்தைக் கணிசமாகத் தரக்கூடிய உணவு.

"அப்படியானால் நாமே வெயிலில் நிற்கலாமே?" என்று கேட்கலாம். நிற்க முடிந்தவர்கள் அவசியம் நிற்க வேண்டும். நமது தோலிலும் வெயில் பட்டால் வைட்டமின் 'டி' உண்டாகிறது. ஆனால் திருப்பதியில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, தோலில் இச்சத்து நன்கு உருவாகும் நேரம் காலை 11 மணி முதல் பகல் 2 மணி வரை என்று காட்டியது. நம் ஊரில் தொழிலாளர்கள் கூரையின் கீழ் இருக்கும் நேரம் அதுவே. வேலைக்குப் போகும் முன் படும் காலை வெயிலும், திரும்பும்போது படும் மாலை வெயிலும் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. உழைப்பவர் வெயிலுக்கு வர முடியாதபோது, அவர் உண்ணும் காளானையாவது வெயிலுக்கு அனுப்பலாம்.

காளானில் இச்சத்து எப்படி உண்டாகிறது?

காளான் பூசண வகையைச் சேர்ந்தது. பூசணங்களின் செல் சவ்வில் 'எர்கோஸ்டிரால்' என்னும் கொழுப்புப் பொருள் உள்ளது. சூரிய ஒளியில் அடங்கிய 'புற ஊதா பி' என்னும் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் இதன்மேல் பட்டதும் இதன் அமைப்பு மாறுகிறது. பின்னர் வெதுவெதுப்பான சூட்டில் அது தானாகவே வைட்டமின் 'டி2' ஆக முழுமை பெறுகிறது. இதற்குக் காளான் உயிரோடு படுக்கையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பறித்த காளானிலும், நறுக்கிய காளானிலும், ஓரளவு காய்ந்த காளானிலும் இந்த மாற்றம் நடைபெறும்.

எர்கோஸ்டிரால் என்ற பெயருக்கும் நம் விவசாயிகளுக்கும் தொடர்பு உண்டு. கம்புக் கதிரில் தேன் ஒழுகல் நோய் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே இனத்தைச் சேர்ந்த பூசணம் ஐரோப்பாவில் ரை தானியத்தைத் தாக்கும். ஆங்கிலத்தில் அதற்கு 'எர்காட்' என்று பெயர். 1889இல் பிரெஞ்சு விஞ்ஞானி சார்ல்ஸ் டன்ரே அந்த எர்காட்டிலிருந்து இப்பொருளை முதலில் பிரித்தெடுத்தார். அதனால் அதற்கு இப்பெயர் வந்தது.

1924இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஸ்டீன்பாக், உணவுப் பொருள்களின் மேல் புற ஊதாக் கதிர்களைப் பாய்ச்சினால் அவை ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்கும் ஆற்றல் பெறுகின்றன என்று காட்டினார். ஸ்டிரால் பொருள்களையும் வைட்டமின்களோடு அவற்றுக்குள்ள தொடர்பையும் ஆராய்ந்த ஜெர்மன் விஞ்ஞானி அடால்ஃப் வின்டாஸ் 1928இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஆக, இது நூறாண்டுகளாக அறியப்பட்ட உண்மையே. இன்று அமெரிக்கா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் காளான் பண்ணைகள் செயற்கை விளக்குகளால் இக்கதிர்களைப் பாய்ச்சி, வைட்டமின் 'டி' நிறைந்த காளான் என்று விற்பனை செய்கின்றன. அங்கு குளிர் காலத்தில் வெயில் கிடைக்காது; ஆகவே விளக்கும் மின்சாரமும் தேவைப்படுகின்றன. நமக்கு அவை தேவையில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டியதில்லை.

இவ்வாறு உண்டாகும் சத்து உடலில் சேருமா என்ற ஐயம் எழலாம். ஜெர்மனியில் பிரைபர்க் நகரில் செய்யப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், இச்சத்துக் குறைந்திருந்த இளைஞர்களுக்குக் கதிர் பாய்ச்சிய மொட்டுக் காளானில் செய்த சூப் வாரம் ஒரு முறை வீதம் நான்கு வாரங்கள் கொடுக்கப்பட்டது. மாத்திரையாக வைட்டமின் 'டி2' உட்கொண்டவர்களைப் போலவே அவர்களுக்கும் இரத்தத்தில் இதன் அளவு உயர்ந்தது.

எந்த நேரத்து வெயில் ஏற்றது?

எல்லா வெயிலும் இதற்குப் பயன்படாது. புற ஊதா பி கதிர்கள் சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போதுதான் மிகுதியாகத் தரையை அடைகின்றன. சூரியன் சாய்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும் அவை காற்று மண்டலத்திலேயே பெரிதும் தடுக்கப்பட்டுவிடுகின்றன. வெளிச்சமும் சூடும் இருந்தாலும் இக்கதிர்கள் குறைவாகவே இருக்கும்.

கடிகாரம் இல்லாமலே நேரத்தை அறிய ஒரு வழி உண்டு. வெயிலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயில் ஏற்றது. நீளமாக இருந்தால் ஏற்றதன்று. திருப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 பாகையில் அமைந்திருப்பதால் மார்கழி, தை மாதங்களிலும் கூட நடுப்பகலில் நிழல் குட்டையாகவே விழும். ஆகவே ஆண்டு முழுவதும் இம்முறையைக் கையாளலாம். பொதுவாகக் காலை 11 மணி முதல் பகல் 2 மணி வரை உள்ள நேரமே சிறந்தது.

கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே விழும் வெயிலில் காளானை வைப்பதால் பயனில்லை. பசுமைக் குடில்களுக்குப் போடப்படும் புற ஊதாக் கதிர் தாங்கும் தாள்களும் இவற்றைப் பெரும்பாலும் தடுப்பவையே. ஆகவே திறந்த வெளியில் நேரடி வெயிலில் வைப்பதே முறை. அடர்ந்த மேகமூட்டம் உள்ள நாட்களில் நேரத்தை இரு மடங்காக்கலாம், அல்லது அடுத்த நாளுக்குத் தள்ளிப் போடலாம்.

செய்முறை

1. காளானைக் கழுவாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஈரக் காளான் வெயில் சூட்டில் விரைவில் நிறம் மாறிக் குழைந்துவிடும். வெயிலில் வைத்து எடுத்த பின்னரே கழுவ வேண்டும்.

2. சிப்பிக் காளான் கொத்தைத் தனித்தனி இதழ்களாகப் பிரிக்க வேண்டும். பால் காளான் சதைப்பற்று மிகுந்தது; கதிர்கள் ஆழமாக உள்ளே செல்லா. ஆகவே அதனை அரை சென்டி மீட்டர் கனமுள்ள வில்லைகளாக நறுக்க வேண்டும். மொட்டுக் காளானையும் அவ்வாறே நறுக்கலாம். முழுக் காளானைவிட நறுக்கிய காளானில் இச்சத்து அதிகம் உண்டாகும்.

3. மூங்கில் தட்டு, முறம் அல்லது எவர்சில்வர் தாம்பாளத்தின் மேல் தூய வெள்ளைத் துணி விரித்து, காளானை ஒன்றன் மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவியலாகப் போட்டால் மேலே இருப்பது கீழே இருப்பதற்கு நிழலாகிவிடும்.

4. சிப்பிக் காளானைக் கவிழ்த்து வைக்க வேண்டும். குடையின் அடிப்பக்கத்தில் புத்தக ஏடுகளைப் போல் வரிசையாக உள்ள மடிப்புகளுக்குச் செவுள்கள் என்று பெயர். இவை வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். எர்கோஸ்டிரால் செவுள்களில்தான் அதிகம், தண்டில் குறைவு. செவுள்களின் மேல் கதிர் படும்போது 'டி2' மிகுதியாக உண்டாவதைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளான ஜசிங்கே, பெரேரா ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியுள்ளனர்.

5. அன்று சமைக்கப் போகும் காளானுக்கு அரை மணி நேரம் போதும். பால் காளான் வில்லைகளைக் கால் மணிக்கு ஒரு முறை புரட்டிவிடலாம். ஈ மொய்க்காமலிருக்க மெல்லிய வலையால் மூடினால் கதிர்கள் ஓரளவு தடைபடும். அப்போது முக்கால் மணி நேரம் வைக்கலாம்.

6. பாலிதீன் பையோடு வெயிலில் வைக்கக்கூடாது. பைக்குள் வியர்வை நீர் கோத்துக் காளான் அழுகிவிடும்.

7. வெயிலிலிருந்து எடுத்த காளானை அன்றே சமைப்பது நல்லது. இயலாவிடில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். நாளாக ஆக இச்சத்து குறைந்து கொண்டே வரும்.

8. இது கொழுப்பில் கரையும் சத்து. எனவே சிறிது எண்ணெய் விட்டு வதக்கியோ, தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பாகவோ, தேங்காய்ச் சில்லுகளோடு மிளகு சேர்த்து வறுத்தோ உண்டால் உடலில் நன்கு சேரும். சமைக்கும் சூட்டில் ஒரு பகுதி குறைந்தாலும் பெரும்பகுதி நிலைத்திருக்கும்.

அதிக நேரம் வைத்தால் அதிகச் சத்து என்று எண்ணிவிட வேண்டாம். ஓரளவுக்கு மேல் கதிர் பட்டால், உண்டான 'டி2' வேறு பயனற்ற பொருள்களாக மாறத் தொடங்கும். காளானும் சுருங்கிப் பழுப்பாகிவிடும்.

எவ்வளவு கிடைக்கும்?

இருட்டில் வைக்கப்பட்ட காளானில், 100 கிராமுக்கு ஒரு மைக்ரோ கிராமுக்கும் குறைவான வைட்டமின் 'டி' இருப்பதே வழக்கம். நடுப்பகல் வெயிலில் 15 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை காட்டிய புதிய காளானில், 100 கிராமுக்கு 10 மைக்ரோ கிராமும் அதற்கு மேலும் உண்டாவதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கட்டுரை தெரிவிக்கிறது.

இதனை வீட்டுக் கணக்காகப் பார்ப்போம். நான்கு பேர் உள்ள குடும்பம் 200 கிராம் பை ஒன்றை வாங்கி வெயிலில் காட்டிச் சமைத்தால், ஒருவர் பங்குக்கு 50 கிராம் வரும். அதில் சுமார் 5 மைக்ரோ கிராம், அதாவது 200 அலகு கிடைக்கும். இது ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. ஒருவரே 100 கிராம் உண்டால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். அதே காளானை வெயிலில் காட்டாமல் சமைத்தால் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. விலை ஒன்றே, வேறுபாடு அரை மணி வெயில் மட்டுமே.

வெயிலின் கடுமை, மேகம், காளானின் வகை, நறுக்கிய கனம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவு கூடவும் குறையவும் செய்யும். எனவே மேற்கூறிய எண்களை ஒரு வழிகாட்டியாகவே கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உலர் காளான்

கணவன், மனைவி இருவரும் கம்பெனிக்குச் செல்லும் வீட்டில் நடுப்பகலில் காளானை வெயிலில் வைத்து எடுக்க ஆள் ஏது? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் இதைச் செய்யலாம். இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஒரு வாரத்திற்கு வேண்டிய சிப்பிக் காளானை வாங்கிவிட வேண்டும். மறுநாள் மொட்டை மாடியில், மேற்சொன்னவாறு செவுள்கள் மேலே இருக்கும்படி பரப்பி, நடுப்பகலில் ஒரு மணி நேரம் நேரடி வெயிலில் காட்ட வேண்டும். அதன் பின் மேலே ஒரு துணியைக் கட்டி, காற்றோட்டமான நிழலில் காய விடலாம். அன்றே முழுவதும் காயாவிட்டால் இரவில் வீட்டுக்குள் எடுத்து வைத்து, மறுநாள் மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். ஒடித்தால் அப்பளம் போல் ஒடிய வேண்டும், அதுவே பதம்.

பத்துக் கிலோ புதிய சிப்பிக் காளான் உலர்ந்தால் சுமார் ஒரு கிலோவாகும். அதாவது 10 கிராம் உலர் காளான் 100 கிராம் புதிய காளானுக்குச் சமம். ஈரம் புகாத மூடியுள்ள டப்பாவில், வெளிச்சம் படாத இடத்தில் சேமிக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் ஈரமும் பட்டால் சத்து விரைவில் அழியும். தேவைப்படும்போது வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் குழம்பிலோ, கீரையிலோ, சாம்பாரிலோ சேர்க்கலாம். பொடி செய்து களிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பிலும் கலக்கலாம். வைட்டமின் 'டி' நீரில் கரையாது என்றாலும், ஊறிய நீரில் சுவையும் பிற சத்துகளும் உள்ளதால் அதைக் கொட்ட வேண்டாம்.

செவுள்களை மேலே வைப்பதன் பயன் உலர் காளானில் நன்கு தெரியும். அமெரிக்கக் காளான் அறிஞர் பால் ஸ்டேமட்ஸ் 2004ஆம் ஆண்டு ஷிட்டாக்கே என்னும் காளானைக் கொண்டு செய்த சோதனையை எழுதியுள்ளார். அவர் தரும் கணக்குப்படி, உள்ளறையில் உலர்த்திய காளானில் 100 கிராமுக்கு 110 அலகும், செவுள்கள் கீழே இருக்கும்படி வெயிலில் உலர்த்தியதில் 10,900 அலகும், செவுள்கள் மேலே இருக்கும்படி உலர்த்தியதில் 46,000 அலகும் இருந்தன. அங்கு இரண்டு நாட்கள், நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வெயில் காட்டப்பட்டது.

இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. ஒரு நாளைக்கு 4,000 அலகுக்கு மேல் தொடர்ந்து உட்கொள்வது நல்லதன்று. நீண்ட நேரம் வெயிலில் காய்ந்த காளான் பொடியைக் கைக்கணக்கில் அள்ளிச் சாப்பிட வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் உலர் காளான் போதுமானது. மருத்துவர் கொடுத்த வைட்டமின் 'டி' மருந்து உட்கொள்வோர் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காளான் வளர்ப்போர் கவனத்திற்கு

வெயில் நல்லது என்பதற்காகக் காளான் படுக்கைகளை வெயிலில் வைத்துவிடக் கூடாது. படுக்கை காய்ந்து பூசண இழைகள் மடிந்துவிடும். சிப்பிக் காளானுக்குக் குடிலுக்குள் 23 முதல் 28 டிகிரி வெப்பமும், 80 முதல் 90 சதவீதம் காற்றின் ஈரப்பதமும், மொட்டு விடும்போது பரவலான மெல்லிய வெளிச்சமும் நல்ல காற்றோட்டமும் தேவை. பால் காளான் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்கு வளரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட 'ஏ.பி.கே.2' என்ற பால் காளான் இரகம் நம் கோடைக்கு ஏற்றது. எவ்வகையாயினும் வெயில் என்பது பறித்த பின்பே.

சிப்பிக் காளானுக்கு வைக்கோலே சிறந்த மூலப்பொருள். அமராவதிப் பாசனத்தில் நெல் விளையும் தாராபுரம், மடத்துக்குளம் பகுதிகளிலிருந்து இதனைப் பெறலாம். பழைய, மழையில் நனைந்த வைக்கோலைத் தவிர்க்க வேண்டும். நூற்பாலைகளில் கிடைக்கும் சாயம் ஏறாத பஞ்சுக் கழிவிலும் காளான் வளரும். ஹாங்காங்கில் 1970களிலேயே பஞ்சுக் கழிவைக் கொண்டு வைக்கோல் காளான் வளர்க்கத் தொடங்கினர். பஞ்சுக் கழிவு மட்டும் இட்டால் நீர் பட்டதும் இறுகிக் காற்றோட்டம் தடைபடும் என்பதால், வைக்கோலுடன் கலந்து சிறிய அளவில் செய்து பார்த்த பின்பே பெருக்க வேண்டும்.

ஆனால் பனியன் வேஸ்ட் எனப்படும் சாயமிட்ட துணிக் கழிவுகளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. காளான் தான் வளரும் பொருளில் உள்ள உலோகங்களைத் தன்னுள் ஈர்த்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. வெயில் வைட்டமினை உண்டாக்கும்; சாயத்திலும் மருந்திலும் உள்ள நஞ்சைப் போக்காது.

தண்ணீருக்கும் இதுவே பொருந்தும். சாயப்பட்டறைக் கழிவு நீரால் நொய்யல் கரையோர நிலத்தடி நீர் கெட்டதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். உப்புக் கரிக்கும் கிணற்று நீரையோ நிறம் மாறிய நீரையோ வைக்கோல் ஊறவைக்கவும் படுக்கைக்குத் தெளிக்கவும் பயன்படுத்த வேண்டாம். குடிக்கத் தக்க நீரே காளானுக்கும் ஏற்ற நீர்.

யார் வெயிலில் காட்டுவது?

வளர்ப்போரே வெயிலில் காட்டி விற்கலாமா என்ற கேள்வி எழும். அதில் இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். உச்சி வெயிலில் வைத்தால் எடை குறையும். எடைக்கு விற்பவருக்கு நட்டம். இரண்டாவதாக, வெயில் பட்ட காளான் விரைவில் வாடுவதால் கடையில் தாங்காது. ஆகவே புதிய காளானைச் சமைப்பவரே வெயிலில் காட்டுவது சிறந்தது. வளர்ப்போர் ஒவ்வொரு பையிலும் "சமைக்கும் முன் செவுள்களை மேலாக வைத்து உச்சி வெயிலில் அரை மணி காட்டவும்" என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்தால் போதும். உலர் காளான் விற்போர் தாங்களே வெயிலில் காட்டி உலர்த்தலாம்.

பையின் மேல் "வைட்டமின் டி நிறைந்தது" என்றோ, இத்தனை அலகு உள்ளது என்றோ அச்சிடுவதற்கு முன் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக் கூடத்தில் சோதித்திருக்க வேண்டும். உணவுப் பொருள் விளம்பரங்களும் சத்து பற்றிய உரிமைகோரல்களும் 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர விதிமுறைகளுக்கு உட்பட்டவை. இருட்டு அறையில் வைத்த காளானை வைட்டமின் 'டி' காளான் என்று சொல்லி விற்பது வாங்குவோரை ஏமாற்றுவதாகும்.

இம்முறையால் பெரிதும் பயன் பெறக்கூடியவை தொழிலாளர் விடுதிகளும் கம்பெனி உணவுக் கூடங்களும். பகலில் சமையற்காரர் இரவு உணவுக்கு வேண்டிய காளானை மாடியில் பரப்பி அரை மணி நேரம் கழித்து எடுத்துவிடலாம். வாரம் இரு முறை இவ்வாறு காளான் சமைக்கப்பட்டால், விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம் பெண்களுக்குப் பெரும் நன்மை. சுற்று வட்டாரக் கிராமங்களில் காளான் வளர்க்கும் மகளிர் குழுக்களுக்கும் நிலையான வாடிக்கை கிடைக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையிலும், பொங்கலூர் வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் காளான் வளர்ப்பு பற்றிய ஆலோசனை பெறலாம்.

மறக்கக் கூடாதவை

மழைக்குப் பின் வேலியோரங்களில் முளைக்கும் இனம் தெரியாத காளான்களை உண்ணக் கூடாது. வெயிலில் காட்டுவதாலோ வேக வைப்பதாலோ நச்சுக் காளானின் நஞ்சு நீங்காது. சிப்பிக் காளானின் வித்துத் தூள் சிலருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் தரும். குடிலுக்குள் செல்வோர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வதும், காளான் முற்றும் முன் பறித்துவிடுவதும் நன்று.

காளான் உணவேயன்றி மருந்தன்று. நெடுநாளாக எலும்பு வலி உள்ளவர்களும், கால் வளைந்த குழந்தைகளின் பெற்றோரும் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப் போடக் கூடாது. இரத்தப் பரிசோதனையில் குறை மிகுதியாக இருந்தால் அதற்கு மருந்தே தேவைப்படும். ஞாயிற்றுக்கிழமை மாடிக்குக் காளானை எடுத்துச் செல்வோர், குழந்தைகளையும் அழைத்துச் சென்று சிறிது நேரம் கை கால்களில் வெயில் படும்படி இருந்து வருவது இன்னும் நல்லது.

வாரத்தில் ஒரு நாள், ஒரு முறம், அரை மணி வெயில். இதற்குக் கடன் வேண்டாம், கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அடுத்த முறை காளான் வாங்கும்போது இதனைச் செய்து பாருங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.